கிரில் வண்டி வாங்குறதா, நாமே செய்றதா? என் பில்லோட சொல்றேன்

மொட்டை மாடியில சிக்கன் சுடுற ஆள் உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்லயும் ஒருத்தராவது இருப்பார். எங்க குரூப்ல அது நான். என்கிட்ட இருக்கிறது 14 இன்ச் சார்க்கோல் கிரில். கால் குட்டை, தரையில தான் வைக்கணும். ரெண்டு மணி நேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கறியைத் திருப்பினா மறுநாள் ஆபீஸ்ல இடுப்பு பிடிச்சுக்கும். அதனால கிரில்லை மேல தூக்கி வைக்க ஒரு வண்டி வேணும்னு முடிவு பண்ணினேன். பக்கத்துல தட்டு வைக்க இடம், கீழ கரி மூட்டைக்கு ஒரு அடுக்கு. அவ்வளவு தான்.

ஆன்லைன்ல ரெடிமேட் வண்டி 12,999 ரூபாய். ஆறு மாச 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ.ன்னு வேற போட்டிருந்தாங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டினாலும், அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல வந்து நிக்கும், பெரும்பாலும் பிராசஸிங் ஃபீயும் சேர்ந்தே வரும். சரி, நாமே செஞ்சுக்கலாம்னு கிளம்பினேன்.

என் மாமா பையன் ஐ.டி.யில இருக்கான். அவன் கேட்டான்: "அண்ணா, உங்க டைமுக்கு மதிப்பே இல்லையா?" இந்தக் கேள்வியை நீங்களும் நிறைய வீடியோல கேட்டிருப்பீங்க. கணக்கு இப்படிப் போகும். கையில வர்ற சம்பளம் 60,000. மாசம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 ரூபாய். வண்டி செய்ய 16 மணி நேரம்னா 4,800 ரூபாய் நஷ்டம். அதனால வாங்கிட்டுப் போங்க.

இந்தக் கணக்கு மாசச் சம்பளக்காரருக்குப் பொருந்தாதுங்கிறது என் கருத்து. ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு உங்க நேரத்தை 300 ரூபாய்க்கு வாங்க யார் காத்திருக்காங்க? ஆபீஸ் தராது. மாசச் சம்பளம் ஃபிக்ஸட், நீங்க ரம்பம் பிடிச்சாலும் தூங்கினாலும் 60,000 தான். நாங்க பரீட்சைக்குப் படிச்ச 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்னன்னா, நீங்க நிஜமா விட்டுக்கொடுக்கிற அடுத்த நல்ல வாய்ப்போட மதிப்பு. அந்த அடுத்த வாய்ப்பு ரீல்ஸ் பார்க்கிறதுன்னா விலை பூஜ்யம். அதுவே அடுத்த மாசம் ஒரு சர்டிஃபிகேஷன் பரீட்சை இருக்குன்னா, அந்த 16 மணி நேரத்தோட விலை 4,800 இல்ல, அதைவிட ரொம்ப ஜாஸ்தி. எனக்கே செப்டம்பர் மாசம்னா ஞாயித்துக்கிழமைக்கும் விலை உண்டு. 30-ஆம் தேதிக்குள்ள டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போடணும், கிளையன்ட் காசு கொடுக்கிறார். பொங்கல் லீவுல அந்த விலை கிடையாது. அதனால தான் பொங்கல் லீவுல ஆரம்பிச்சேன்.

அப்போ செய்றது லாபம் தானேன்னு கேட்பீங்க. கொஞ்சம் இருங்க. நேரத்தைக் கணக்குல சேர்க்காதீங்கன்னு சொன்னேன். சேர்க்க வேண்டியதை நானே சேர்க்கல.

முதல் வண்டி: பழைய மர பேலட் ரெண்டு 600, மேல போட ப்ளைவுட் துண்டு 450, காஸ்டர் சக்கரம் நாலு 400, ஸ்க்ரூ, எல் கிளாம்ப், உப்புத்தாள் 520, வார்னிஷும் பிரஷும் 380. மொத்தம் 2,350. வீட்டுல பெருமையா சொன்ன நம்பர் இது தான். ட்ரில் மெஷின் 3,200, ரம்பம் 350, பேலட்டைக் கொண்டுவந்த மினி லாரி 500, இந்த மூணையும் சொல்லல. எல்லாம் சேர்த்தா 6,400. ஒரு கிளையன்ட் இப்படிக் கணக்கு கொண்டு வந்தா நான் கையெழுத்து போட மாட்டேன்.

பேலட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. ஏற்றுமதிக்குப் போற பேலட்ல ஒரு முத்திரை இருக்கும். 'ஹெச்.டி.'ன்னா சூடு காட்டிப் பூச்சி நீக்கினது, எடுக்கலாம். 'எம்.பி.'ன்னா மெத்தில் புரோமைடு விஷவாயு அடிச்சது. சாப்பாடு வைக்கிற இடத்துக்கு அது வேண்டாம். இதை நான் சரியா பார்த்தேன். ப்ளைவுட்டைப் பார்க்கல. கடையில 'எம்.ஆர்.' கிரேடு கொடுத்தாங்க. அது ஈரப்பதத்தைத் தாங்கும், மழையைத் தாங்காது. வெளியில வைக்கிறதுக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் கேட்டு வாங்கணும்.

மே மாசம் கிரில்லோட அடித் துளை வழியா ஒரு கங்கு விழுந்து ப்ளைவுட்ல கறுப்பா குழி. ஐப்பசி மழையில ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே தான் இருந்தோம்.

டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை. மொட்டை மாடி பார்க்கத் தான் சமம், மழைத் தண்ணி வழியணும்னு சாய்வா தான் தளம் போட்டிருப்பாங்க. கடையில பிரேக் வச்ச சக்கரம் ஒண்ணு 160, பிரேக் இல்லாதது 100. நாலுக்கு 240 ரூபாய் மிச்சம் பண்ணியிருந்தேன். தட்டு எடுக்கத் திரும்பின நேரம் வண்டி மெதுவா நகர்ந்து, ஓட்டு இடுக்குல ஒரு சக்கரம் மாட்டி, கிரில்லோட அப்படியே சாய்ஞ்சுது. சிவந்த கரி தரையெல்லாம் சிதறிச்சு. என் நாலு வயசுப் பொண்ணு பாய்ல உட்கார்ந்திருந்த இடத்துக்கும் கடைசிக் கரித்துண்டுக்கும் நடுவுல ரெண்டு அடி இருந்திருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பக்கெட் தண்ணி ஊத்தி அணைச்சோம். அன்னைக்கு யாரும் சாப்பிடல. என் மனைவி எதுவும் சொல்லல, பொண்ணைத் தூக்கிக்கிட்டு கீழ போயிட்டாங்க. அந்த 240 ரூபாயை நான் எந்தத் தலைப்புல எழுதணும்னு இன்னைக்கும் தெரியல.

ரெண்டாவது வண்டியை அடுத்த பொங்கலுக்குச் செஞ்சேன். இந்தத் தடவை மரத்தை விட்டுட்டு, ஒரு இன்ச் இரும்புச் சதுர பைப்ல படம் வரைஞ்சு தெரு முனை வெல்டிங் பட்டறையில கொடுத்தேன். பைப்பும் கூலியும் சேர்த்து 3,400. மேல போட கிரானைட் கடையில மிச்சம் விழுந்த துண்டு, வெட்டுக்கூலியோட 900. ஆறு இன்ச் சக்கரம் ரெண்டு 560. ரெட் ஆக்ஸைடும் பெயின்ட்டும் 390. மொத்தம் 5,250. நான் செஞ்சது பெயின்ட் அடிச்சதும் சக்கரம் மாட்டினதும் மட்டும், ரெண்டு சாயங்காலம்.

சக்கரம் ஏன் ரெண்டுன்னா, ஒரு பக்கம் ரெண்டு சக்கரம், இன்னொரு பக்கம் ரெண்டு கால். நகர்த்தணும்னா தள்ளுவண்டி மாதிரி கைப்பிடியைத் தூக்கணும். கீழ வச்சா அது மேஜை, தானா உருளாது. பிரேக்கே தேவையில்ல. உயரம் சமையல் மேடை அளவு, கிரில்லையும் சேர்த்துக் கணக்கு பண்ணுங்க, இல்லன்னா கை வலிக்கும். கல் மேல நேரா கரியைக் கொட்டக் கூடாது, விரிசல் விடும். கிரில் அடியில மணல் பரப்பின பழைய தாம்பாளம் ஒண்ணு வச்சிருக்கேன். சாம்பல், கங்கு எல்லாம் அதுல விழும். அப்புறம், மழைக்காலத்துல மூடின பால்கனிக்குள்ள கொண்டுபோய் மூட்டலாம்னு நினைக்காதீங்க. கரிப்புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ரெண்டு வண்டியையும் கூட்டினா 11,650. ரெடிமேடைவிட 1,349 ரூபாய் தான் கம்மி. நேரா ரெண்டாவது வண்டிக்குப் போயிருந்தா 5,250-ல முடிஞ்சிருக்கும், ட்ரில் மெஷினே வாங்கியிருக்க வேண்டாம், பெரிய ஓட்டையைப் பட்டறையிலேயே போட்டுத் தருவாங்க. 'நாமே செய்றது'ன்னா ஒவ்வொரு ஸ்க்ரூவும் நம்ம கையால தான் போகணும்னு ஒரு ரோஷம் வருது பாருங்க, பாதிக் காசு அதுல தான் போகுது. கருவி வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல கேளுங்க. தெரியாத வேலையைக் கூலிக்குக் கொடுங்க. நெருப்பும் சக்கரமும் இருக்கிற இடத்துல மட்டும் பேரம் பேசாதீங்க.

நீங்க இப்ப தான் கிரில் வாங்கியிருக்கீங்கன்னா வண்டியே வேண்டாம். முதல்ல அஞ்சு தடவை தரையில வச்சு சுடுங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா பட்டறைக்குப் போங்க. நான் போன வருஷம் சுட்டது மொத்தம் ஒன்பது தடவை. ரெடிமேட் வண்டி வாங்கியிருந்தா முதல் வருஷத்துல ஒரு தடவைக்கு 1,444 ரூபாய் விழுந்திருக்கும், சிக்கன் காசு தனி.

பேலட் வண்டியைச் சக்கரத்தைக் கழட்டிட்டு மாடிச் சுவர் ஓரமா போட்டு வச்சிருக்கேன். அது மேல இப்ப ரெண்டு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு. ட்ரில் மெஷின்ல கர்ட்டன் ராடு ஒண்ணு, ஷெல்ஃப் ரெண்டு மாட்டியாச்சு. மாடி வீட்டுக்காரரும் ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனார்.