அஞ்சலட்டை எழுதும் தலைவிதி!

ஆற்றங்கரை. கோடைக்கால இரவு. வாணவேடிக்கை காண ஊரே திரண்டு நிற்கிறது. கூட்டத்தினின்றும் சற்று விலகி, மேட்டின்மீது, பள்ளி மாணவன் ஒருவனும் மாணவி ஒருத்தியும். நெடுநாள் நெஞ்சிலே பூட்டி வைத்திருந்த சொல்லை இன்று சொல்லியே தீருவதென்று வந்திருக்கிறான் அவன். வாய் திறக்கிறான், சொல்லியும் விடுகிறான். அந்த நொடி பார்த்து வானத்தில் வெடித்துச் சிதறுகிறது வாணம்! 'என்ன சொன்னாய்?' என்கிறாள் அவள். 'ஒன்றுமில்லை' என்கிறான் அவன். 'தொடரும்' என்கிறது ஏடு.

ஜப்பான் நாட்டு 'மங்கா' படக்கதைகளிலே காதல் நகைச்சுவை வகையைப் படிக்கும் தோழர்களிடம், இக்காட்சி எந்தக் கதையில் வருகிறது என்று கேட்டால் விழிப்பர். ஒன்றிலா கண்டனர்? மழை வந்தால் குடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் அவன் கஞ்சி காய்ச்ச வருவான். பெற்றோர் அன்றைக்கென்று ஊரில் இருக்கமாட்டார். பிப்ரவரி 14 பிறந்தால் சாக்லெட் கைமாறாமல் தவிக்கும். கியோட்டோவுக்குப் பள்ளிச் சுற்றுலா. புத்தாண்டில் கோவிலுக்குச் சென்று அதிர்ஷ்டச் சீட்டு எடுத்தல். வெந்நீர் ஊற்றுக்குப் போனால் ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் எப்படியோ மாறிப் போதல். பெயர்களை மறைத்துவிட்டுப் பத்துக் கதைகளை முன்னே வைத்தால், எது எதுவென்று பிரித்தறிவது அரிது.

படக்கதைதானே, படித்துச் சிரித்துவிட்டுப் போவதை விட்டு ஏன் இந்தச் சீற்றம் என்பர் சிலர். கதைதானே என்று சொல்லிக்கொண்டுதான் புராணங்களும் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தன! இன்று கைப்பேசித் திரையிலே இக்கதைகளை நம் இளைஞரும் இளநங்கையரும் ஆவலோடு படிக்கின்றனர். படிக்கட்டும், தடுப்போமல்லோம். ஆனால் எதைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கட்டும்.

வெடித்த வாணத்தை விட்டுத்தள்ளுவோம். கதையின் அச்சாணி வேறிடத்தில் இருக்கிறது. சிறு வயதிலே ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் ஏதோ உறுதிமொழி செய்துகொள்வர். முகம் மறந்துபோகும், பெயர் மறந்துபோகும், உறுதிமொழி மட்டும் மறையாது. நவோஷி கோமி வரைந்த 'நிசேகோய்', 2011 முதல் 2016 வரை 25 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் நாயகன் கழுத்திலே ஒரு பதக்கம் தொங்குகிறது. அதைத் திறக்கும் சாவி, பத்தாண்டுகளுக்கு முன் வாக்களித்த பெண்ணிடம் இருக்கிறதாம். பெண்கள் வருகின்றனர், ஒருவர் பின் ஒருவராக. வருபவளெல்லாம் சாவியோடு வருகிறாள்! கென் அகாமாட்சுவின் 'லவ் ஹினா' 1998இல் தொடங்கியது. அதிலே, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒன்றாய்ச் சேர்வோம் என்று குழந்தைப் பருவத்தில் கொடுத்த வாக்குக்காக, பெயரும் நினைவில்லாத ஒருத்தியை எண்ணி நுழைவுத் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதித் தோற்கிறான் ஓர் இளைஞன்.

இதற்கு அங்கே அழகியதொரு பெயரும் உண்டு: விதியின் செந்நூல். மணக்கப் போகும் இருவரையும் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலொன்று பிறப்பிலேயே பிணைத்திருக்கிறதாம். சீனத்திலே தோன்றிய பழங்கதை அது. நம்மூரில் அதே சரக்குக்கு ஜாதகப் பொருத்தம் என்று பெயர். அங்கே பதக்கமும் சாவியும். ஐந்து வயதுக் குழந்தை மண்ணில் விளையாடும்போது சொன்ன சொல், பதினேழு வயதுப் பெண் சிந்தித்துச் செய்யும் தேர்வைவிட உயர்ந்தது என்றால், பிறகு பெண்ணுக்குச் சிந்தனை எதற்கு?

இதிலே வேடிக்கை யாதெனில், ஜப்பானியச் சட்டம் இந்தச் செந்நூலை என்றோ அறுத்துவிட்டது. 1898ஆம் ஆண்டின் குடிமைச் சட்டப்படி, குடும்பத் தலைவனின் இசைவின்றி மணமில்லை. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இருவரின் ஒப்புதல் ஒன்றே திருமணத்திற்கு அடிப்படை என்று முழங்கியது. அப்பிரிவின் வரைவுக்கு உழைத்தவர் பெயாத்தே சிரோட்டா. அப்போது அவருக்கு வயது 22! ஜப்பானில் வளர்ந்து, அந்நாட்டுப் பெண்கள் பட்ட துயரைக் கண்ணால் கண்டவர். 1960களின் பிற்பகுதியிலே, பெரியோர் பார்த்து முடிக்கும் 'மியாய்' மணங்களைக் காதல் மணங்கள் எண்ணிக்கையில் விஞ்சின. நாடு முன்னேறிற்று. கதை?

ருமிகோ தகாஹாஷியின் 'ராண்மா'வைப் பாருங்கள். 1987இல் தொடங்கிய கதை. தந்தையர் இருவர், தத்தம் மக்களை மணமுடித்துத் தற்காப்புக்கலைக் கூடத்தைக் காப்பதென்று முன்னரே பேசி முடித்துவிட்டனர். பெண்கள் மூவர். அக்காமார் இருவரும் நழுவிக்கொள்ள, கடைசிப் பெண் அகானே தலையில் விழுகிறது மணம். அவளைக் கேட்டனரா? இல்லை. அத்தோடு நின்றதா? அந்த மாப்பிள்ளையின் தகப்பன், முன்னொரு நாள் வேறொரு வீட்டுப் பெண்ணுக்கும் வாக்களித்து, சீதனமாக வந்த தின்பண்டக் கடை வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு ஓடியவன்! வண்டி போயிற்று, பெண் தெருவில் நின்றாள். தகாஹாஷி அம்மையார் தந்தையரைக் கோமாளிகளாக்கித்தான் காட்டுகிறார், மறுக்கவில்லை. நாமும் சிரித்தோம். ஆயினும் 38 தொகுதி நடந்த பின்னும், கோமாளிகள் போட்ட முடிச்சைச் சுற்றியே கதை சுழல்கிறதே, அதை எங்ஙனம் விழுங்குவது?

இனி, வீழ்ச்சிப் படலம்! நியூட்டன் கண்ட ஈர்ப்பு விதி உலகத்துக்கெல்லாம் பொது. ஜப்பானியப் படக்கதை நாயகனுக்கு மட்டும் தனி விதி. படியில் தடுக்கினாலும், பந்து பட்டாலும், பூனை குறுக்கே ஓடினாலும், அவன் விழுவது ஒரு பெண்ணின் மீதே. கை போய்ப் படியும் இடமோ சொல்லத் தகாதது. ஒருமுறை விழுந்தால் விபத்து. வாரந்தோறும் விழுந்தால்? வரைபவன் விரும்புகிறான், வாங்குபவன் விரும்புகிறான், பழி மட்டும் புவியீர்ப்பின் தலையில்! காமத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மைகூட இல்லாத கோழைத்தனம் இது.

அவள் சினந்து அறைகிறாள். அறைவதையும் வாசகன் காதலென்றே படிக்கக் கற்பிக்கப்படுகிறான். வெளியே சீற்றம், உள்ளே உருக்கம்; 'சுந்தெரே' என்று இவ்வகை நாயகிக்குப் பெயரும் இட்டுவிட்டனர். தொடாதே என்றால் தொடு என்று பொருள். போ என்றால் வா என்று பொருள்! பெண்ணின் மறுப்புக்குப் பொருளே இல்லையென்று ஆக்குவதற்கு இதைவிட இனிப்பான வழி வேறு உண்டோ? நம் திரைப்படங்களில் நாயகியைத் துரத்தித் துரத்திப் பணிய வைக்கும் நாயகர்களைக் கண்டித்தோமே, அந்தச் சினத்தைக் கடல் கடந்த காரணத்தால் மூட்டை கட்டி வைக்க வேண்டுமா என்ன?

2017 முதல் 2020 வரை வெளிவந்த நெகி ஹருபாவின் கதையொன்று. ஒரே அச்சில் வார்த்த ஐந்து உடன்பிறந்தாள்கள். ஐவருக்கும் பாடம் சொல்ல வந்த ஏழை மாணவன் ஒருவன். தொடக்கத்திலேயே மணக்கோலம், மணமகள் ஐவரில் யார் என்பதே விடுகதை. தேர்வு நாள் வருகிறது. ஐந்து பெண்களும் ஐந்து அறைகளில் காத்திருக்கின்றனர். அவன் எந்த அறைக்கு வருகிறானோ, அவளே தேர்ந்தெடுக்கப்பட்டவள்! சுயம்வரக் கதையிலாவது மாலை பெண்ணின் கையில் இருந்தது. கதவு திறக்குமா திறக்காதா என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும் அந்த நால்வரின் நிலையை எண்ணி எத்தனை பேர் ஏட்டை மூடி வைத்தனர்? என்னவள் வென்றாள், உன்னவள் தோற்றாள் என்று கட்சி கட்டி ஆர்ப்பரித்தவரே மிகப் பலர். திறந்த கதவுக்குப் பின்னே இருந்தவளும், சிறுவயதில் கியோட்டோவில் அவன் சந்தித்த சிறுமிதானாம். மீண்டும் செந்நூல்!

ஏன் இந்தக் காதலர்கள் வாய் திறப்பதில்லை? நாணமா? பண்பாடா? கீழ்த்திசை மக்களின் மென்மை என்று மேல்நாட்டார் சிலர் மயங்குவர். நாம் கணக்கைப் பார்ப்போம். 'ஷோனென் ஜம்ப்' வார ஏடு 1990களின் நடுவிலே ஏறத்தாழ 65 இலட்சம் படிகள் விற்றது. அவ்வேட்டோடு பல்லாண்டுக் காலம் ஓர் அஞ்சலட்டை இணைந்து வந்தது. அவ்வாரத்துக் கதைகளில் பிடித்த மூன்றை வாசகர் எழுதி அனுப்ப வேண்டும். பின்தங்கிய கதை சில மாதங்களிலேயே முறிக்கப்படும். முன்னே நிற்கும் கதையை முடிக்கவும் விடார். இப்போது புரிகிறதா, வாணம் ஏன் அந்த நொடியில் வெடித்தது என்று? காதலைச் சொல்லிவிட்டால் கதை முடியும். முடிந்தால் தொகுதி விற்காது. காதலர் தலையிலே எழுதியது பிரமனும் அல்லன், செந்நூல் கட்டிய கிழவனும் அல்லன், அஞ்சலட்டை! வாரந்தோறும் ஏறத்தாழ இருபது பக்கம் வரைந்து முதுகொடியும் ஓவியரை நாம் குறை கூறவில்லை. அவரும் அந்த அட்டைக்கு அடிமை.

தகாஹாஷியின் முதற் புகழ்க்கதையான 'உருசேய் யாட்சுரா' 1978இல் தொடங்கி 1987இல் முடிந்தது. ஒன்பது ஆண்டுகள்! கடைசிப் பக்கத்திலும் நாயகன் அச்சொல்லைச் சொல்லவில்லை. சாகும் வேளையில் சொல்வானாம்.

விதிவிலக்குகள் இல்லையா? உண்டு. ஃபுஜிதாவின் 'வோத்தாகோய்' கதையில் அலுவலகத்தில் பணிபுரியும் இருவர் தொடக்கத்திலேயே துணைவராகின்றனர். கதை 2021 வரை ஓடிற்று, வாசகர் ஓடிவிடவில்லை. கோமியுங்கூட, பத்தாண்டு வாக்குக்குரிய பெண்ணை விட்டு, நாயகன் தன் மனம் நாடியவளையே தேர்வதாக முடித்தார். அதற்கு ஐந்து ஆண்டு சாவி தேட வேண்டியிருந்தது என்பதே நம் குறை.

ஆனால் நாம் நெஞ்சாரப் போற்றும் கதை ஒன்று, அதே தகாஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்த 'மேசன் இக்கோகு'. நாயகி கியோகோ கைம்பெண். இளவயதிலேயே கணவனை இழந்து, பழைய விடுதி ஒன்றைப் பராமரிக்க வந்தவள். தன் நாயைக் கணவன் பெயரால் அழைத்து வாழ்பவள். அங்கே குடியிருக்கும் கோதாய், தேர்வில் தோற்ற, வேலை கிடைக்காத, காசில்லாத இளைஞன். குடையும் உண்டு, காய்ச்சலும் உண்டு, தவறான புரிதல்கள் வண்டி வண்டியாய் உண்டு. எனினும் இங்கே தாமதத்துக்குக் காரணம் வாணமன்று. இறந்தவனை மறப்பது துரோகமோ என்று ஒரு பெண் தனக்குள் நடத்தும் வழக்கு. அந்த வழக்கில் தீர்ப்பு எழுதுபவள் அவளே. மாமனாரே மறுமணத்துக்குத் தடை சொல்லவில்லை. புது வாழ்வு தேடிக்கொள் என்கிறார். கோதாயோ முன்னவனின் கல்லறை முன் நின்று, அவனையும் சேர்த்தே அவளை ஏற்பதாகச் சொல்கிறான். கைம்பெண் மணக்கோலம் பூணுகிறாள். கடைசியில், கையில் குழந்தையோடு, அதே பழைய விடுதியின் வாயிலுக்குத் திரும்பி வருகிறாள். குடியிருப்போர் எல்லோரும் எதிர்கொண்டு அழைக்கக் காத்து நிற்கின்றனர்.