தகடு கூரையில், பாட்டரி யார் தலையில்?

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் ஒரே வீட்டில் ஏரும் தறியும் இருப்பது புதிதல்ல. ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நெல்; வீட்டுக்குள்ளே ஒரு தறி. பகலில் வயல், மாலையில் தறி என்று காலம் தள்ளும் இக்குடும்பங்களுக்கு இரவு வெளிச்சம் ஆடம்பரம் அல்ல, பிழைப்பு. பட்டு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அரக்கும் சிவப்பும் வேறுவேறாகத் தெரிய வேண்டும்.

கூரை மீது சூரிய மின்தகடு வைத்தால் இக்கவலை தீரும் என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. தகடு நல்லதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், சிறு விவசாயிக்கு வேண்டியது எது, அரசு மானியம் தருவது எதற்கு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. மானியம் தகட்டைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. இருட்டில் கைகொடுக்கும் பாட்டரிக்கு இல்லை.

கட்டணம் அல்ல, வெளிச்சம்

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், 1 கிலோவாட் தகட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. வீட்டுத் தேவை போக மிச்சமாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். அது கணக்கில் கழிந்து கட்டணம் குறையும். 1 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பெரிய தொகை கட்டணமாகக் கட்டுகிறவர்களுக்கு இது லாபமே.

சிறு விவசாயியின் நிலை வேறு. பம்ப் செட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு இது 2023ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. நாலு விளக்கும் இரண்டு விசிறியும் உள்ள வீட்டில் கட்டணமாக வருவது சொற்பம். அந்தச் சொற்பத்தை மிச்சப்படுத்தக் கடன் வாங்கித் தகடு போட்டால், போட்ட முதல் திரும்ப வெகுகாலம் ஆகும். அவருடைய குறை கட்டணம் அல்ல; மின்சாரம் நின்று போவதுதான்.

கம்பியில் நின்றால் கூரையிலும் நிற்கும்

மின்வாரியக் கம்பியோடு இணைத்த, பாட்டரி இல்லாத தகடு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் விளக்கு எரியாது. இது இயந்திரக் கோளாறு அல்ல. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். இரவில் தகடு எப்படியும் வேலை செய்யாது. ஆகவே, மின்வெட்டுக்குப் பயந்து தகடு மட்டும் வாங்குகிறவர் ஏமாந்து போவார்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் அடித்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் உதவுவது பாட்டரி ஒன்றே.

மோதேரா காட்டும் வழி

குஜராத்தில் மோதேரா என்ற ஊர் இருக்கிறது. காஞ்சியைப் போல அதுவும் பழைய கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே இருப்பது சூரியன் கோயில். 2022 அக்டோபர் 9ஆம் நாள் இவ்வூர், இரவும் பகலும் சூரிய சக்தியில் இயங்கும் நாட்டின் முதல் கிராமமாக அறிவிக்கப்பட்டது. 1,300க்கு மேற்பட்ட வீடுகளின் கூரையில் 1 கிலோவாட் தகடுகள். ஊருக்கு அருகே 6 மெகாவாட் மின்நிலையம். இவற்றோடு 15 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள பெரிய பாட்டரி நிலையமும் அரசுச் செலவில் வைக்கப்பட்டது. அங்கே பாட்டரி வீட்டுக்காரர் தலையில் விழவில்லை. குளத்தைப் போல ஊருக்குப் பொதுவாக இருக்கிறது. பாட்டரி இல்லாமல் இரவு இல்லை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

எவ்வளவு போதும்?

பொதுப் பாட்டரி வரும்வரை தனியாக வாங்க நினைப்போர் முதலில் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே ஓர் இரவுக்கு 900 வாட்-மணி என்று கொள்க.

9 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, 5 மணி நேரம் எரிய 180 வாட்-மணி. 75 வாட் சாதாரண விசிறி ஒன்று 8 மணி நேரம் ஓட 600. மொத்தம் 780. மிச்சத்தை இன்வர்ட்டரே தின்றுவிடும். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறியானால் இரண்டு ஓட்டலாம். இந்தப் பாட்டரியை நிரப்ப 300 முதல் 350 வாட் வரையுள்ள ஒரு தகடு போதும். 5 குதிரைச் சக்தி மோட்டாரை இதில் போட நினைக்க வேண்டாம். அரை மணி நேரம் கூட ஓடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் குறையும். மின்சாரம் நிற்பதும் அப்போதுதான். அந்நாட்களில் விளக்கு மட்டும் என்று சிக்கனமாக இருக்க வேண்டும். தகட்டைத் தெற்கு நோக்கி, சுமார் 13 டிகிரி சாய்வில் வைக்கவும். ஒரு மூலையில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் விளைச்சல் வெகுவாகக் குறையும். களத்துத் தூசியை அதிகாலையில் கழுவ வேண்டும்; சூடான தகட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இரண்டாவது பாட்டரியே பரீட்சை

2011ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுடன் சூரிய சக்தியில் எரியும் 5 விளக்குகளும் சேர்த்தே தரப்பட்டன. ஏழை வீட்டுக்கு வேண்டியது வெளிச்சம் என்பதை அறிந்த நல்ல முன்மாதிரி அது. ஆனால் எந்தத் திட்டமானாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தகடு 25 ஆண்டு உழைக்கும். ஈய-அமிலப் பாட்டரி 4, 5 ஆண்டில் ஓய்ந்துவிடும். புதிது வாங்கப் பணம் இல்லையென்றால், மேலே தகடு பழுதின்றி இருந்தும் கீழே விளக்கு எரியாது. உழவு மாடு கிழமானால் ஏர் சும்மா கிடப்பது போலத்தான்.

எனவே முதல் பாட்டரி வாங்கிய அன்றே இரண்டாவதற்குச் சேர்க்கத் தொடங்க வேண்டும். விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5 ஆண்டுக்கு மாதம் 250 ரூபாய். அஞ்சலகத்தில் தனிக் கணக்கில் போட்டு வரலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 10 ஆண்டு வரை உழைக்கும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. விலை கூடுதல், அதற்கேற்ற இன்வர்ட்டரும் வேண்டும்.

ஈய-அமிலப் பாட்டரியில் மாதம் ஒருமுறை நீர் மட்டம் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவும். கிணற்று நீர் ஆகாது. அதிலிருந்து எரியும் வாயு வரும். அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். பழையதன் அமிலத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பாட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. புதியது வாங்கும் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஆவன செய்ய வேண்டும்

பாட்டரிக்கும் மானியம் என்றால் கஜானா தாங்குமா என்று கேட்கலாம். நாம் அதிகப்படியாக எதுவும் கேட்கவில்லை. 1 கிலோவாட்டுக்குத் தரும் அதே 30,000 ரூபாயை, சிறு வீட்டுக்காரர் விரும்பினால் சிறு தகட்டுக்கும் பாட்டரிக்குமாகப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்கிறோம். இரண்டாவது பாட்டரிக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சிறு கடன் தர வேண்டும். அறுவடையிலோ கூலியிலோ பிடித்துக்கொள்ளட்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலாவது மோதேரா போலப் பொதுப் பாட்டரி வைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை, தகடு விற்க வருகிறவரிடம் உழவர் பெருமக்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "கம்பியில் மின்சாரம் நின்றால் என் வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் எரியும்?" பதிலை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பணம் கொடுக்கலாம்.