கொடுத்தவர்க்குக் கணக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலகம் கதவடைத்துக் கிடந்த நாள்களில், அமெரிக்காவின் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்னும் ஆய்வுத் திட்டத்தார் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். கொரோனாத் தீநுண்மியின் புரதங்கள் எவ்வாறு அசைகின்றன, எங்கே மருந்து பற்றிக்கொள்ள இடம் தருகின்றன என்று கணிக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை எங்களுக்குத் தாருங்கள் என்றனர். அதுவரை அவர்களிடம் இருந்தவை சுமார் 30,000 கணினிகள். சில வாரங்களில் அந்த எண்ணிக்கை பத்து இலட்சத்தைக் கடந்தது. வந்து குவிந்த கணினிகளுக்கு அனுப்ப வேலை போதவில்லை. கணக்குகளைப் பகுத்து அனுப்பும் வழங்கிகள் திணறின. உதவ முன்வந்தவர்கள் தம் கணினிகளை இயக்கிவிட்டு வேலைக்காகக் காத்திருந்தனர். அவர்கள் அனைவரும் சேர்ந்து அளித்த கணிப்புத்திறன், அந்நாளில் உலகின் முதலிடத்தில் இருந்த மீக்கணினியின் திறனைப் பல மடங்கு விஞ்சியது.

கொடுப்பதில் மக்கள் குறை வைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குறை பெறுவோர் பக்கத்தில் உள்ளது. பெற்றதை ஏற்கப் போதிய ஏற்பாடு பல திட்டங்களில் இல்லை. பெற்றபின் கொடுத்தவர்க்குக் கணக்குச் சொல்லும் கடமையை எந்த விதியும் வற்புறுத்தவில்லை. இதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

தன்னார்வப் பகிர்கணிமை எனப்படும் இம்முறையின் அமைப்பு எளியது. ஒரு கணினியால் பல நூறு ஆண்டுகளிலும் முடியாத கணக்கை ஆய்வாளர்கள் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து இணையவழி அனுப்புகின்றனர். வீட்டுக் கணினி, உரியவர் பயன்படுத்தாத வேளையில், தன் பொதியை முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் நம் இல்லங்களின் பழைய வழக்கத்துக்கு இது நெருங்கியது. இடுகின்றவர்க்கு அந்த ஒரு பிடி பெரிதாகத் தெரியாது. திரட்டுகின்றவரிடம் அது ஊருக்கே சோறாகிறது. எனவே, கணக்குச் சொல்ல வேண்டியவரும் திரட்டுகின்றவரே.

பெருந்திரளான மக்களை இம்முறைக்கு அழைத்துவந்த திட்டம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே 17 அன்று தொடங்கிய ‘சேட்டி அட் ஹோம்’. வேற்றுலக அறிவுயிர்கள் அனுப்பும் வானொலிக் குறிப்பு ஏதேனும் உண்டா என்று தேடுவது அதன் நோக்கம். போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ தொலைநோக்கி திரட்டியவை நாடாக்களில் பதிவாகி பெர்க்லிக்கு அஞ்சலில் வந்தன. அங்கே அவை துண்டுகளாக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டும் 107 நொடி நேரமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமும் கொண்ட வானத்தின் ஒரு சிறு கீற்று. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தகைய கீற்றுகளைத் தம் கணினிகளில் ஏற்றுச் சலித்துத் தந்தனர். அத்திட்டத்தை வழிநடத்திய டேவிட் ஆண்டர்சன், பிற ஆய்வுகளும் இவ்வழியைக் கைக்கொள்ளும்படி 2002இல் ‘பாயிங்க்’ என்னும் பொது மென்பொருளைத் தொடங்கினார். பின்வந்த திட்டங்களுள் பல அதன்மீதே நிற்கின்றன.

முகமறியாத ஒருவரின் கணினி சொல்லும் விடையை எப்படி நம்புவது? சூடேறிய செயலி தவறும். சிலர் வேண்டுமென்றே பொய்விடை அனுப்பவும் கூடும். ஆகவே ஒரே பொதியைத் தொடர்பற்ற இருவருக்கு அனுப்புகின்றனர். இரு விடைகளும் ஒத்தால் ஏற்கின்றனர். முரண்பட்டால் மூன்றாமவருக்குப் போகிறது. இந்த முறை தந்த ஒரு பலனை அருகிருந்து பார்ப்பது தகும்.

ஈர்ப்பலைகளைத் தேட 2005இல் தொடங்கிய ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டம், பின்னர் அரெசிபோவின் பதிவுகளில் பல்சர் என்னும் துடிப்பு விண்மீன்களையும் தேடியது. 2007 பிப்ரவரியில் பதிவான ஒரு துண்டு, மூன்றாண்டுக்குப் பின் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் நகரத்துத் தம்பதியின் கணினிக்குச் சென்றது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரின் கணினிக்கும் சென்றது. இரண்டும் ஒரே துடிப்பைக் கண்டன. நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு விண்மீன், சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், அதுவரை எவரும் அறியாதது. பெரிய தொலைநோக்கிகளைத் திருப்பி உறுதி செய்தபின், 2010 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் அது வெளியாயிற்று. திட்டத்தை நடத்தும் புரூஸ் ஆலனும் அவர் குழுவினரும், வானியலைத் தொழிலாகக் கொள்ளாத அம்மூவரின் பெயர்களையும் உலகுக்கு அறிவித்தனர். கொடுத்தவரை மதிப்பது என்றால் இதுதான்.

ஆக்ஸ்போர்டின் தட்பவெப்ப ஆய்வும் இவ்வகையில் சொல்லத்தக்கது. ஒரே காலநிலை மாதிரியை, அதன் உறுதியற்ற அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி, ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு. எந்த மீக்கணினி நிலையமும் அவ்வளவு நேரத்தை ஒரு குழுவுக்கு ஒதுக்காது. வீட்டுக் கணினிகள் வாரக்கணக்கில் ஓடித் தந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் கொண்டு, கரியமிலவாயு இருமடங்கானால் புவி 1.9 முதல் 11.5 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும் என மாதிரியின் விடைகள் விரிவதை 2005இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினர். மேல் எல்லை பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. ஆயினும், ஒற்றை எண்ணைச் சொல்லி அமைதி கொள்ளும் வழக்கத்தை அவ்வாய்வு அசைத்தது. 2019இல் 42 என்ற எண்ணை மூன்று முழுவெண்களின் கனங்களின் கூட்டாக எழுதும் வழி கிடைத்ததும், மிகப்பெரிய பகாஎண்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதும் இதே கொடையால்தான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சேட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31ஆம் நாளோடு புதிய பொதிகள் அனுப்புவதை நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் அரெசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. மக்கள் அனுப்பியிருந்த விடைகளைப் பகுத்து முடிவு சொல்லப் பின்னும் ஆண்டுகள் பிடித்தன. 2025இல்தான் முழுமையான ஆய்வுரைகள் வந்தன: சுமார் 1,200 கோடி குறிப்புகள் சலிக்கப்பட்டு, மறுபடி நோக்கத்தக்கவையாக எஞ்சியவை ஏறத்தாழ நூறு, அவற்றைச் சீனத்தின் ஃபாஸ்ட் தொலைநோக்கி கொண்டு பார்க்கத் தொடங்கினர். வேற்றுலகக் குரல் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும், சலித்த முறையில் எங்கே குறை நேர்ந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிய அக்குழுவினரைப் பாராட்டுகிறோம். ஆனால், 1999இல் கணினி தந்து, விடை அறியாமலே மறைந்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வை முடித்து உரைக்க ஆளும் பொருளும் ஒதுக்கப்படாமையின் விளைவு அது. ஐபிஎம் நிறுவனம் 2004இல் தொடங்கி, புற்றுநோய், எய்ட்ஸ் முதலிய ஆய்வுகளுக்குத் துணைநின்ற ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ 2021இல் டொரோண்டோவின் கிரெம்பில் ஆய்வகத்துக்குக் கைமாறியபோதும், இடமாற்றத்தில் வேலை பல மாதம் முடங்கியது. மக்களின் கணினிகள் அப்போதும் இருந்தன. அவற்றை ஆளும் மையம்தான் மெலிந்திருந்தது.

மின்சாரத்தையும் மறைக்கலாகாது. நாள் முழுதும் முழுவீச்சில் ஓடும் மேசைக் கணினி 100 வாட் கூடுதலாக இழுத்தால் நாளுக்கு 2.4 யூனிட், இரு திங்களில் 144 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக்கு இரு திங்களுக்கு விலையின்றித் தருவதாக 2016இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டைக் கொடை ஒன்றே விழுங்கிவிடும். ‘ஓய்வு நேரம்’ என்று சொல்லி வாங்கும்போது இச்செலவையும் சொல்லியாக வேண்டும். கொடுப்பவர் அறிந்து கொடுக்க உரியவர்.

மேகக் கணிமையும் செயற்கை நுண்ணறிவும் வந்தபின் வீட்டுக் கணினிகள் எதற்கு என்போர் உண்டு. புரத வடிவங்களை ஊகிப்பதில் புதிய கருவிகள் பெருவெற்றி கண்டதை மறுக்கவில்லை. வடிவத்தை அறிந்தாலும் அசைவை அறிய நெடுங்கணக்கு வேண்டியுள்ளது. காசு கொடுத்து வாங்கும் கணிமை, பணமுள்ள நிறுவனம் விரும்பும் கேள்விக்கே முதலில் விடை தேடும். வருவாய் தராத கேள்விகளுக்கு மக்களின் கணினிகளே புகலிடம். கொரோனா மருந்துத் தேடலில் ஃபோல்டிங் அட் ஹோம் துணைநின்ற ‘கோவிட் மூன்ஷாட்’ முயற்சி, தான் கண்ட மூலக்கூறுகளைக் காப்புரிமை கோராமல் எல்லோர்க்கும் திறந்துவைத்தது. பொதுவில் பெற்றதைப் பொதுவுக்கே திருப்பிய அச்செயல் எல்லாத் திட்டங்களுக்கும் விதியாதல் வேண்டும்.

ஆகவே அரசுகளையும் ஆய்வுநிதி வழங்கும் அமைப்புகளையும் வற்புறுத்துகிறோம். மக்களின் கணினியை நாடும் திட்டத்துக்கு நிதி அளிக்கையில், வழங்கிகளைப் பேணவும் விடைகளை ஆராய்ந்து முடிக்கவும் அதன் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை மணிநேரம் பெற்றோம், எதற்குச் செலவிட்டோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று கொடுத்தவர்க்குப் புரியும் மொழியில் அறிக்கை வர வேண்டும். திட்டம் மூடப்படும் நாளில் தரவுகளும் விடைகளும் பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும். இவற்றுக்கு எழுத்தில் ஒப்புதல் தராத எந்தத் திட்டத்துக்கும் பொதுப்பணம் செல்லலாகாது.