பொதி அவர்கள் காவலில், பொறுப்பு மட்டும் எங்கள் தலையிலா?

சென்ற வருடக் கடைசியில் ஐரோப்பாவிலுள்ள என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பினேன். முதற்கட்டப் பயணம் ஒரு சிறிய விமானத்தில். ஏறுவாசலில் நின்ற பெண், மேலே பொதி வைக்கும் தட்டுகள் நிறைந்துவிட்டன என்று சொல்லி என் கைப்பொதியை வாங்கி, சீட்டொன்றை ஒட்டிக் கீழறைக்கு அனுப்பினார். அதற்குள் மடிக்கணினியும் ஒரு வன்தட்டும் இருக்கின்றன என்றேன். "கவலைப்படாதீர்கள், கொழும்பில் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாம்" என்றார். பின்னால் நீண்ட வரிசை. என்னைப் போன்ற ஐம்பது கடந்தவர்களுக்கு வரிசையை மறித்து நின்று வாதாடும் துணிவு குறைவு. கொடுத்துவிட்டேன்.

கட்டுநாயக்காவில் பொதி வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இரவு பஸ்ஸைப் பிடித்து, விடியும் வேளையில் திருகோணமலையில் இறங்கி, உட்துறைமுக வீதியிலுள்ள வீட்டில் வைத்துத் திறந்தேன். கணினியின் திரை சிலந்திவலைபோல் வெடித்திருந்தது. வன்தட்டைத் தங்கை மகனின் பழைய கணினியில் பொருத்தினால் டிக் டிக் என்ற ஓசை மட்டும் கேட்டது.

அந்த வன்தட்டில் இருந்தவை என்னவென்று சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை நேரில் கண்டவர்கள், 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறும்வரை அதன் தளத்தில் கூலிக்கும் கணக்கெழுதவும் போனவர்கள், இவர்களில் பதினொரு பேரின் குரல்களை இருபது வருடங்களுக்கு முன் கசெற்றுகளில் பதிந்து வைத்திருந்தேன். அவர்களில் ஒருவரும் இன்று இல்லை. கசெற்றுகளில் பூஞ்சணம் ஏறிவிட்டதால், தங்கையின் கணவர் உதவியோடு அவற்றை அங்கே வைத்துக் கணினிக்கு மாற்றினேன். இன்னொரு பிரதி எடுக்காதது என் குற்றம். அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் என் குற்றம் அந்த இடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை.

விமான நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டே வாக்கியத்தில் பதில் வந்தது. மின்னணுப் பொருட்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பயண நிபந்தனையில் இருக்கிறதாம். தவிரவும், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறையிட்டிருக்க வேண்டுமாம். இவ்வளவையும் பணிவாக, மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

இரண்டும் பிழை. தெரியாமல் எழுதிய பிழைகள் என்று நம்புவதற்கு நான் தயாரில்லை.

சர்வதேச விமானப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. அதன் 17ஆம் உறுப்புரை, கையேற்ற பொதி தன் காவலில் இருக்கும்போது சேதமடைந்தால் நிறுவனமே பொறுப்பு என்கிறது. பொதியின் இயல்பான குறைபாட்டால் விளைந்த சேதம் மட்டுமே விலக்கு. மடிக்கணினி உடையக்கூடியது என்பது அதன் இயல்பான குறைபாடு என்று சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள். அப்படியானால் பயணியின் எலும்பும் உடையக்கூடியதுதானே! 26ஆம் உறுப்புரை இன்னும் தெளிவு: இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ நிறுவனம் எழுதிக்கொள்ளும் எந்த நிபந்தனையும் செல்லாது. பொதியைக் கையேற்ற பிறகு கமெராவுக்கும் கணினிக்கும் பொறுப்பில்லை என்று சர்வதேசப் பயணிகளிடம் சொல்லக்கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2009இலேயே விமான நிறுவனங்களுக்கு எழுதிவிட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதே வாசகம் பயணச்சீட்டுகளின் அடியில் பொடி எழுத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

முறையீட்டுக்கான காலம், பொதியைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்கள். எழுத்தில் கொடுக்கவேண்டும். விமான நிலைய மேசையில் உடனே படிவம் நிரப்பினால் நிரூபிப்பது சுலபம் என்பது உண்மை. அதைச் செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்பது பொய். இந்தப் பொய் யாரைக் குறிவைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பில் வீடுள்ளவர் ஒரு மணி நேரத்தில் பெட்டியைத் திறந்துவிடுவார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்கள் இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து, வீட்டார் சூழ நின்று பார்க்கத்தானே பெட்டியைத் திறப்பார்கள்! கனடாவிலிருந்து பேரப்பிள்ளை அனுப்பிய ரப்லெற்று உடைந்திருப்பதை அப்போது காணும் அம்மா என்ன சொல்வார்? "நான்தான் சரியாகச் சுற்றிவைக்கவில்லைப் பிள்ளை." இந்தக் குற்றவுணர்வில்தான் அந்த நிறுவனங்கள் காசு மிச்சம் பிடிக்கின்றன.

இழப்பீட்டின் உச்ச எல்லை 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள்; ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். அதற்கு மேல் மதிப்புள்ள பொருளென்றால் பொதியைக் கொடுக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் மேலதிகக் கட்டணம் கட்டலாம். இப்படி ஒரு வசதி இருப்பதைக் கவுண்டரில் ஒருவராவது உங்களிடம் சொன்னதுண்டா?

"மின்னணுப் பொருளைக் கீழே போடாதே, கையில் கொண்டுபோ" என்ற புத்திமதிக்கு வருகிறேன். நல்ல புத்திமதிதான், காரணமும் உண்டு. லித்தியம் பற்றரி தீப்பற்றினால் பயணிகள் அறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. கீழறையில் எவரும் இல்லை. 2010 செப்டெம்பரில் துபாயில் லித்தியம் பற்றரிகள் ஏற்றிய சரக்கு விமானம் எரிந்து விழுந்து இரு விமானிகள் மாண்டார்கள். உதிரிப் பற்றரியும் பவர் பாங்கும் கீழறைக்குப் போகவே கூடாது என்ற விதி அதனால்தான் இறுக்கமாக இருக்கிறது. (தொண்ணூறுகளில் வன்னிக்குப் போகும் பாதையில் ரோர்ச் பற்றரிக்குத் தடை இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்து காட்டிப் பழகிய எங்கள் தலைமுறைக்குப் பற்றரியைச் சந்தேகிப்பது புதிதல்ல.)

ஆனால் அந்தப் புத்திமதியைச் சொல்பவர்களே கைப்பொதிக்கு 7 கிலோ என்று எல்லை வைக்கிறார்கள். இடமில்லையென்று ஏறுவாசலில் அதையும் பறிக்கிறார்கள். என் பொதியை வாங்கிய பெண் உள்ளே பவர் பாங்க் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2017 மார்ச்சில் துபாய், அபுதாபி, டோஹா உட்படப் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்வோர் மடிக்கணினியைக் கீழறையில்தான் போடவேண்டும் என்று அந்நாட்டு அரசே கட்டளையிட்டது. ஜூலைக்குள் அது நீங்கிவிட்டது என்றாலும், அந்த மாதங்களில் வளைகுடா வழியாகப் போன எங்கள் ஆட்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. தெரிவில்லாதவனிடம் "உன் பொறுப்பு" என்று சொல்வதற்குப் பெயர் விதியா?

வாதாடுவதோடு நின்றால் போதாது, பொருளையும் காப்பாற்றவேண்டும். கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் சொன்னதையும் பட்டறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மடிக்கணினியைத் தூங்கவைத்து மூடாமல் முழுதாக நிறுத்துங்கள்; பெட்டிக்குள் விழித்துக்கொண்டால் சூடேறும். பெட்டியின் ஓரம் அடி வாங்கும் இடம், ஆகவே நடுவில், நாற்புறமும் துணி அணைத்திருக்க வையுங்கள். சார்ஜரின் கட்டியான பகுதி மூடிமேல் பட்டால் திரை போய்விடும். என் திரை போனதும் அப்படித்தான் என்கிறார் அவர். சுழலும் வன்தட்டு விழுந்தால் உயிர் பிழைப்பது அரிது. சுழலாத எஸ்எஸ்டி அதைவிடத் தாங்கும். இரண்டிலும் பிரதியொன்று வேறிடத்தில் இருக்கட்டும். பூட்டுமுன் பொருளையும் அதன் தொடரிலக்கத்தையும் படமெடுங்கள். ஏறுவாசலில் பொதியைக் கேட்டால் கணினி, வன்தட்டு, பவர் பாங்க் மூன்றையும் உருவி மடியில் வைத்துக்கொண்டு வெறும் பையை நீட்டுங்கள். பின்னால் நிற்பவர்கள் முறைக்கட்டும். ஒட்டிய சீட்டின் துண்டைத் தொலைக்காதீர்கள். அவர்கள் கையேற்றதற்கு அதுவே சாட்சி.

நான் ஐந்தாம் நாளே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிட்டேன். இரண்டாவது கடிதத்தில் உறுப்புரை இலக்கங்களைக் குறித்ததும் தொனி மாறியது. திருத்துவதற்கான மதிப்பீட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், குரல்களுக்கு மதிப்பீடு கேட்கவில்லை. வன்தட்டு இப்போது கொழும்பில் தரவு மீட்கும் கடையொன்றில் கிடக்கிறது. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு, நான்கு மாதங்கள்தான் கழிந்திருக்கின்றன. கடையின் பற்றுச்சீட்டு வந்ததும் மூன்றாவது கடிதம் போகும்.