மழைக்கால வண்டிப்பாதையில் ஜீப்

அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்து ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்யும் மழை ஓடை வழியாக ஏரிக்கு இறங்கும் நாட்களில், தோட்டங்களுக்குப் போகும் மண்பாதைகள் ஊறிக் கிடக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்போ டிராக்டரோ இந்தச் சேற்றிலும் போய்விடும். தொல்லையே அதில்தான். மற்ற வண்டி சிக்கி நின்றுவிடும். இது பாதையை உழுதுகொண்டு போகும். அந்தத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிறது. தண்ணீர் பக்கத்துக்காரரின் வரப்பை உடைத்து வயலில் நின்றால் சின்ன வெங்காயம் அழுகிவிடும். பள்ளத்துக்கு ஒதுங்குவதாக வரப்பின்மேல் ஏற்றுவது அதைவிட மோசம்.

மழை விட்டு ஓரிரு நாள் பொறுப்பதே நல்லது. கரிசலுக்கு அதுவும் போதாது. விலை ஏறிய அன்றே பட்டறை வெங்காயத்தை ஏற்றத் துடிப்பவரையும் குறை சொல்வதற்கில்லை. போயே தீரவேண்டுமானால், சேற்றில் இறங்குமுன்பே நான்கு சக்கர இழுவையைப் போட்டு, தாழ்ந்த கியரில் சீராகச் செலுத்த வேண்டும். சக்கரம் வழுக்கிச் சுழன்றால் ஆக்சிலேட்டரை அழுத்தலாகாது, குழிதான் ஆழமாகும். வாய்க்கால் கரைமேல் ஏற்றவே கூடாது.

பதிந்த தடத்தை ஈரம் காயுமுன் மண்வெட்டியால் தூர்ப்பது ஓட்டியவரின் வேலை. மொபெட்டில் பால் கேனுடன் வருபவருக்கும் அதே பாதைதானே! இப்பாதைகளில் பல, பட்டா நிலத்தில் பழக்கத்தால் விடப்பட்டவை. வரப்பு இழந்தவர் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டால், ஜீப் இல்லாதவரின் வெங்காயமும் தோட்டத்திலேயே கிடக்கும்.