குதிரைக்குச் சூடு வெக்கிற வைத்தியமணிகளுக்கு

மெரினாவுல ஒரு சவாரிக் குதிரை. முன்னங்கால்ல, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமா, கோலிக்குண்டு சைஸ்ல கட்டி. அதைச் சுத்தி வரிசையா சூட்டுத் தழும்பு! கேட்டா, "வீக்கம் வத்தணும்ல சார்"ங்கறார்.

அட சாமி, அது வீக்கமே இல்லீங்க. அடிபட்ட இடத்துல புதுசா வளர்ந்த எலும்பு. சூட்டுக்கு எலும்பு கரையுமா? அடிபட்ட புதுசுலயே ஐஸ் வெச்சு ஓய்வு குடுத்திருக்கணும். கெட்டியானப்புறம் வலி, நொண்டல் இல்லேன்னா சும்மா விட்டுடலாம், பார்க்கத்தான் அசிங்கம். நொண்டிச்சா எக்ஸ்ரே எடுங்க. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கலாம்.

"எங்க தாத்தா சூடு போட்டுத்தான் ஆத்தினார்"னு கிளம்பாதீங்க. சூட்டுக்கப்புறம் குதிரையை மாசக்கணக்குல கட்டிப் போட்டாரே, ஆத்தினது அந்த ஓய்வு. பிரிட்டன்ல ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி 1991லயே சூடு வெக்கிறது தப்புன்னுடுச்சு.

இங்கே அந்த ஓய்வுகூட கிடையாது. ஆறாத தழும்போட அன்னிக்கு சாயங்காலமே ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஓடிச்சுங்க அது.