தப்ஸை விரட்டியவர் யார்?

படப்பையில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோர மண்டபமொன்றில் அண்மையில் நடந்த நிக்காஹ்வுக்குச் சென்றிருந்தோம். வாசலில் முதிய பக்கீர் ஒருவர் தப்ஸை ஏந்தி வாழ்த்துப் பாடத் தொடங்கினார். ஓர் இளைஞர் விரைந்து வந்து, “பாவா, தப்ஸ் வேண்டாம், மார்க்கத்தில் அதற்கு இடமில்லை” என்று கூறிப் பத்து ரூபாயைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். மாலை வலீமா விருந்திலோ மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர ஒலிபெருக்கியில் சினிமாப் பாடல்கள் முழங்கின. அந்த இளைஞரும் கைதட்டி மகிழ்ந்தார். மாலைக்குள் மார்க்கம் மாறிவிட்டதா என்று கேட்கிறோம்.

ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தப்ஸ் முழக்கி, பத்ருப் போரில் மாண்ட தம் முன்னோரைப் பாடிய செய்தி புகாரியில் உள்ளது. நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்று ஒரு சிறுமி பாடியபோது, அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சொல்லைத்தான் திருத்தினார்கள், தப்ஸை நிறுத்தவில்லை. ஏனைய இசைக்கருவிகளைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மணவிழாத் தப்ஸுக்கு இத்துணைத் தெளிவான சான்று இருக்க, அதை முதலில் விரட்டுவது எவ்வகை நியாயம்?

மரவளையத்தின் ஒரு புறம் ஆட்டுத்தோல் போர்த்திய எளிய கருவி இது. மலேசியாவில் கொம்பாங் என்னும் பெயரில் இதன் உறவுக்கருவி மணமகனை அழைத்து வருகிறது. அண்டைக் கேரளத்தில் தஃப்முட்டு பள்ளிக் கலைவிழாவின் போட்டிகளுள் ஒன்று. அங்கே மாணவர்கள் அணிவகுத்துப் பயில்கின்றனர். நம் ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குக் கொரியரும் ஜப்பானியரும் வருகின்றனர். கொரிய உழவர்களின் நோங்காக் முழவாட்டம் 2014-ஆம் ஆண்டிலும், துருக்கியின் மெவ்லவி தர்வேஷ்களின் ஸமா 2008-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைத் திரையில் கண்டு வியக்கும் நாம், நம் வாசலுக்கு வந்த கலையைச் சில்லறை கொடுத்துத் துரத்துகிறோம்.

பக்கீர்களின் பாடல்களில் வரம்பு மீறிய புகழ்ச்சி உண்டு என்பார் சிலர். இருக்கலாம். அதற்கு மருந்து மேலே கூறிய நபிவழியிலேயே உள்ளது: சொல்லைத் திருத்துங்கள். நோன்புக்கால ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாகத் தப்ஸ் அடித்து நம் பாட்டன்மாரை எழுப்பியவர்கள் இவர்கள். ‘நூறு மசலா’வை எழுத்தறியாத தாய்மாரின் செவிக்குக் கொண்டு சேர்த்தவர்களும் இவர்களே. அந்த நன்றியை மறத்தல் தகுமா?

தப்ஸ் அடிப்பவரின் பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடிச் சென்றபின் அதன் தாள முறையை நமக்குக் கற்றுத்தர ஆளிருக்காது. ஆகவே ஜமாஅத்தார் இப்போதே முனைய வேண்டும். மாலை மதரஸாவில் நான்கு சிறுவரையேனும் அப்பெரியவர்களிடம் பயில வைப்போம். பிச்சையாக அன்றி உழைப்புக்குரிய ஊதியமாகக் கொடுப்போம். அடுத்த நிக்காஹ்வில் பாவாவை வாசலில் நிறுத்தாமல் பந்தலுக்குள் அழைத்து அமர்த்துவோம்.